களப்புரையை வீடாக்க 12 லட்சம் போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு 900 சதுர அடியில் ஒரு களப்புரை இருக்கிறது. நெல் மூட்டை, உர மூட்டை அடுக்கிய இடம். ஒரு ஓரத்தில் மாடும் கட்டியிருந்தோம். செங்கல் சுவர், பனைவாரை, ஓட்டுக் கூரை. இடம் இன்னும் அப்பா பெயரில்தான். அப்பா அம்மா இருவரும் இல்லை. நானும் அக்காவும் வாரிசு. கஞ்சிக்கோட்டில் எனக்குச் சம்பளம் 42,000. மனைவிக்குத் தையலில் 8,000 வரும். வாடகை 7,500, அதையும் சேர்த்து மாதச் செலவு 30,000. டெபாசிட் 6 லட்சம், கொஞ்சம் நகை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். காண்ட்ராக்டர் 12 லட்சத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். டெபாசிட்டை உடைத்து, 6 லட்சம் கடன் வாங்கி இறங்கலாமா?
– வாசகர், சித்தூர் தாலுகா

பதில்: வீடாக்கலாம், உங்கள் வருமானம் தாங்கும். ஆனால் டெபாசிட்டை இப்போதே உடைக்காதீர்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதலில் அக்காவிடம் பேசுங்கள். பாதி அவருக்குச் சேர வேண்டிய இடத்தில் உங்கள் மொத்தச் சேமிப்பையும் போடப் போகிறீர்கள். அக்கா தம்பிக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் இருக்கலாம். நாளைக்கு அவர் பிள்ளைகள் பங்கு கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? பாகப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதி, போக்குவரவு (பதிவேட்டில் பெயர் மாற்றம்) முடித்து, உங்கள் பெயரில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது கைக்கு வரட்டும். அது இல்லாமல் வங்கியும் வீட்டுக்கடன் தராது. அக்காவுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தால் பட்ஜெட்டில் முதல் வரி அதுதான்.

அப்புறம் வில்லேஜ் ஆபீஸ். களப்புரைகள் பெரும்பாலும் வயலை ஒட்டியே இருக்கும் என்பதால், பதிவேட்டில் உங்கள் இடம் ‘நிலம்’ (நெல்வயல்) என்றிருக்கிறதா, ‘புரையிடம்’ (மேட்டு நிலம்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது பெரிய விஷயம். டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல்களின் அரசுப் பட்டியலில், சேர்ந்திருந்தால் அதிலிருந்து நீக்கப் படிவம் 5; டேட்டா பேங்கில் இல்லாமல் ‘நிலம்’ என்று மட்டும் இருந்தால் படிவம் 6. இரண்டுமே ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்ட அதிகாரி) அல்லது துணை ஆட்சியர் வரை போகும், மாதக்கணக்கில் இழுக்கும். விவசாயக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றப் பஞ்சாயத்தின் அனுமதியும் வேண்டும். மோட்டாருக்கு வாங்கிய விவசாய மின்இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் இழுத்தால் அபராதம் வரும். வீட்டு இணைப்பு தனியாக வாங்குங்கள்.

இந்தக் காகிதங்கள் நகரும் நேரத்தில் கட்டடத்தைச் சோதித்துவிடுங்கள். 12 லட்சத்தில் முடியுமா என்பதை அந்தச் சுவரும் கூரையும்தான் சொல்ல வேண்டும்.

மாடு கட்டிய ஓரத்திலும் உர மூட்டை சாய்ந்திருந்த இடத்திலும் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் செங்கல் பொடியாக உதிரும். மாட்டுச் சிறுநீரும் யூரியாவும் வருஷக்கணக்காகச் சுவரில் ஊறியதன் விளைவு இது. அதன் மேல் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தால் ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே பூச்சு உப்பிக்கொண்டு விழும். பழைய பூச்சை உரித்து, கெட்ட செங்கலை மாற்றி, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புக் கலவையில் பூச வேண்டும். கூலியும் நாளும் கூடும். காண்ட்ராக்டரின் கணக்கில் இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது தரை. களப்புரையின் தரை பெரும்பாலும் களத்து மட்டத்திலேயே இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஒன்றரை அடி ஏற்றினால், ஆறடி வாசல் நாலரை அடியாகிவிடும். கதவு நிலையைப் பெயர்த்து மேலே வைக்க வேண்டும். தாழ்வாரம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் கூரையையும் தூக்க வேண்டும். தரைக்கென்று ஒதுக்கிய பணம் இப்படிக் கூரை வரை ஏறிப் போகும். ஓட்டைப் பிரிக்கும்போது, சுவருக்குள் செருகியிருக்கும் வாரையின் முனையை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செல் (கறையான்) அரித்திருந்தால் முதலில் போவது அந்த முனைதான்.

ஒரு சிவில் இன்ஜினியருக்குக் காசு கொடுத்து இதையெல்லாம் பார்த்து எழுதி வாங்குங்கள். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பழைய கட்டடம் இருப்பதால் பாதிச் செலவு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். மிச்சமாவது சுவரும் கூரையும் மட்டுமே, அதுவும் நல்ல நிலையில் இருந்தால். கழிப்பறை, செப்டிக் டேங்க், வயரிங், பிளம்பிங், சமையல் மேடை எல்லாம் புது வீட்டுக்கு ஆகும் செலவேதான்.

இனி கணக்கு. 12 லட்சம் என்று சொன்ன வேலைக்கு நான் 15 லட்சம் வைப்பேன். பழைய கட்டடத்தில் கால் பங்கு கூடுவது சாதாரணம். உங்களிடம் இருக்கும் 6 லட்சத்தில் ஆறு மாதச் செலவுக்கு 1.8 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள், சுமார் 4 லட்சம் எடுக்கலாம். கடன் 8 லட்சம் என்று வைத்தால் 9 சதவீத வட்டியில் 15 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 8,100. இப்போது கொடுக்கும் வாடகையை விடக் கொஞ்சம்தான் அதிகம். கையில் ஆக மொத்தம் 12 லட்சம், 15-க்கு 3 லட்சம் குறைகிறது. அதில் ஒன்பதரை லட்சத்துக்கு மட்டும் வேலை பேசுங்கள், இரண்டரை லட்சம் எதிர்பாராத செலவுக்கு நிற்கட்டும். கூரை, தரை, ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை இப்போது. இரண்டாவது அறை பிறகு. வேலை நடக்கும் மாதங்களில் வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

மொத்த ஒப்பந்தமாகப் பேசாமல், வேலை முடிய முடியப் பணம் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். வங்கியும் கடனைத் தவணையாகத்தான் விடும்.

வரிச் சலுகைக்காகப் பெரிய கடன் வாங்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வருமான வரியின் புதிய முறையில் வருஷ வருமானம் 12 லட்சம் வரை வரி வராது. உங்கள் வருமானத்துக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. சிட்டவுட், தாழ்வாரம் என்று இழுத்துக்கொண்டே போகாமல், மொத்தப் பரப்பு 100 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 1,076 சதுர அடிக்குள் நின்றால் கேரளத்தின் ஒருமுறைக் கட்டட வரியும் வராது.

சிமென்ட்டைப் பொள்ளாச்சியில் வாங்கினால் வரி குறையும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே வரி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் எல்லா ஊருக்கும்தான். விலையோடு லாரி வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எல்லை தாண்டி வந்தால் கொண்டுவரும் பாஸ் இருக்கிறதா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

நகையை இந்த வேலைக்குள் கொண்டுவர வேண்டாம். இன்னும் இரண்டு வருஷத்தில் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை. அந்த மாதத்தில் கட்டணம் கட்ட அவசரமாக ஏதாவது கைகொடுக்க வேண்டும். அதுவரை நகை லாக்கரிலேயே இருக்கட்டும்.