கட்லா எரிமலை: லாவாவை விட வெள்ளம்தான் ஆபத்து

ஐஸ்லாந்தில் கட்லா பக்கம் ஆற்றங்கரையில் கூடாரம் போடலாமா, லாவா அவ்வளவு தூரம் வராதே என்று கேட்டிருந்தீர்கள். சரி, லாவா வராமல் போகலாம். ஆனால் தண்ணீர் வரும். அந்த எரிமலை பனிப்பாறைக்கு அடியில் இருக்கிறது. வெடித்தால் பனி அடியிலிருந்தே உருகி, பனிக்கட்டிகளும் சேறுமாகச் சமவெளியில் பாயும். இதை அங்கே 'யோகுல்ஹ்லௌப்' என்பார்கள். 1918-இல் கட்லா அப்படித்தான் செய்தது.

வெடிப்பு அடங்கிவிட்டால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். 1996 செப்டம்பர் கடைசியில் அதே ஐஸ்லாந்தில் வாட்னாயோகுல் பனிப்பாறைக்கு அடியில் வெடிப்பு தொடங்கியது. உருகிய நீர் பனிக்கு அடியில் இருக்கும் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் வாரக்கணக்கில் தேங்கி, நவம்பர் 5-ஆம் தேதிதான் உடைத்துக்கொண்டு பாலங்களை அடித்துப்போனது. கொலம்பியாவில் 1985-இல் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. பெரிய வெடிப்பு இல்லை. உருகிய பனி சேற்று வெள்ளமாகி ஆர்மேரோ ஊரையே மூடியது. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதனால் ஆற்றை விட்டு மேட்டில் தங்குங்கள். கைப்பேசியை அணைக்காதீர்கள், எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வரும். ஆற்றோரம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ நீர் திடீரென ஏறினாலோ, சாமான்களை விட்டுவிட்டு உடனே மேலே ஏறுங்கள்.