பிரவுசர் "சப்போர்ட் இல்லை" என்று வந்தால் என்ன செய்வது? வடசென்னைவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (தண்டையார்பேட்டை, பிரவுசிங் சென்டர்): அண்ணே, கடையில எல்லாமே விண்டோஸ் 7. ஃபார்ம் போடப் போனா "பிரவுசரை அப்டேட் பண்ணுங்க"ன்னு வருது. அப்டேட் ஏறவே மாட்டேங்குது.

பதில்: ஏறாது தம்பி. விண்டோஸ் 7-க்குக் கடைசிக் குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110-லிருந்து விண்டோஸ் 10 வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் 115 இ.எஸ்.ஆர். (நீண்ட நாள் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கும் பதிப்பு) போட்டால் பல தளங்கள் திறக்கும். ஆனால் உங்கள் கடையில் இருப்பது ஊர் ஜனங்கள் ஆதார் நம்பரும் பேங்க் அக்கவுன்ட்டும் அடிக்கிற சிஸ்டம். விண்டோஸ் 7-க்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. மெஷின் மாற்றக் கையில் காசு இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம், புது ஃபயர்ஃபாக்ஸ் அதில் ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டி, பிரிண்டரும் கைரேகைக் கருவியும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (வியாசர்பாடி, கல்லூரி மாணவி): நான் வச்சிருக்கறது லேட்டஸ்ட் ஃபயர்ஃபாக்ஸ். ஒரு வேலைவாய்ப்புத் தளம் "குரோம்ல மட்டும்தான் திறக்கும்"னு சொல்லுது. என் பிரவுசர்ல என்ன குறை?

பதில்: ஒரு குறையும் இல்லம்மா. எந்தத் தளத்துக்குப் போனாலும் பிரவுசர் தன் பெயரையும் பதிப்பையும் ஒரு வரியில் சொல்லும். அதுதான் யூசர் ஏஜென்ட். தளம் கட்டியவர்கள் அதில் "குரோம்" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். தேவையான வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. இந்தப் பெயர் பார்க்கும் பழக்கம் வெகு நாளாக இருக்கிறது. குரோம் அனுப்பும் வரியே "மொசில்லா/5.0" என்று ஆரம்பித்து "சஃபாரி" என்று முடியும், தடையைத் தாண்ட ஒன்றின் பெயரை ஒன்று ஒட்டிக்கொண்டதன் மிச்சம் அது. விவால்டி என்ற பிரவுசர் குரோமின் எஞ்சினிலேயே ஓடுவது. அதையும் தளங்கள் தடுத்ததால், 2019 டிசம்பரில் தன் பெயரை விட்டுவிட்டுக் குரோம் என்றே சொல்ல ஆரம்பித்தது. வேலை தேடுகிற பிள்ளைகளைக் கடைசித் தேதியன்று இப்படி நிறுத்துவது அநியாயம். யூசர் ஏஜென்ட் மாற்றும் ஆடான் (பிரவுசரில் சேர்க்கும் சின்ன புரோகிராம்) போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். பணம் கட்டும் பக்கத்துக்கு மட்டும் குரோமிலேயே போங்கள், பாதியில் நின்றால் அலைச்சல். ஸ்க்ரீன்ஷாட்டோடு அந்தத் தளத்துக்கு ஒரு மெயிலும் போடுங்கள்.

கேள்வி (காசிமேடு): தம்பி, என்னுது ஆண்ட்ராய்டு 6 போன். சில பக்கம் "பாதுகாப்பு இல்லை"ன்னு வருது.

பதில்: போனில் தேதி சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க அக்கா. சரியா இருந்தா, எந்தெந்தச் சான்றிதழ் அமைப்பை நம்பலாம்னு போனுக்குள்ள இருக்கிற பட்டியல் பழசாகியிருக்கும். தளங்களுக்கு இலவசமாச் சான்றிதழ் கொடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட்கிட்ட வாங்கின தளங்களை 7.1.1-க்கு முந்தின ஆண்ட்ராய்டு இப்ப நம்பறதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் தனக்குன்னு தனிப் பட்டியல் வச்சிருக்கு. உங்க போன்ல ஏறுற பதிப்பு கிடைச்சா திறக்கும். பேங்க் பக்கத்துல இந்த எச்சரிக்கை வந்தா மட்டும் தாண்டிப் போகவே போகாதீங்க.

கேள்வி (எம்.சி. ரோடு, ஜவுளிக்கடைக் கணக்காளர்): பழைய பில்லிங் பக்கம் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் ஓடும் சார்.

பதில்: எக்ஸ்புளோரர் 11-க்கு 2022 ஜூன் 15-ல் சப்போர்ட் நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் செட்டிங்ஸில் "டீஃபால்ட் பிரவுசர்" போய் ஐ.இ. மோடை (எக்ஸ்புளோரர் போலப் பக்கத்தைத் திறக்கும் வசதி) அனுமதித்து, அந்தப் பக்கத்தை மட்டும் அதில் சேருங்கள். 30 நாளில் பட்டியலிலிருந்து போய்விடும், மறுபடி சேர்க்க வேண்டும். இந்த மோடு குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதற்குள் அந்த பில்லிங்கை மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள் சார்.