பூட்ஸ் மூட்டை

அன்புள்ள ஐயா,

1899இல் அமெரிக்காவின் சுவானி என்ற சின்னக் கல்லூரியின் கால்பந்து அணி ஆறே நாளில் ஐந்து போட்டிகளை வென்றதாமே, உண்மையா? எங்கள் கல்லூரி அணியில் ஆடும் என் மகனுக்கு மன உறுதிக்கு உதாரணமாக இதைச் சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

உண்மைதான். ஆனால் அது உங்கள் மகன் ஆடும் கால்பந்து அல்ல; முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு மோதிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம். இதையாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

மன உறுதியை விடுங்கள். எவன் ஜெயித்தாலும் நாம் அதைத்தான் சொல்கிறோம். அந்தப் பயணம் காசுத் தகராறில் தொடங்கியது. வாண்டர்பில்ட் என்ற போட்டிப் பல்கலைக்கழகத்துடன் வசூலைப் பங்கிடுவதில் சண்டை. நல்ல வரும்படி தரும் அந்த ஆட்டம் நின்றுபோனது. ஈடுகட்ட அணியின் மேலாளர் லூக் லீ ரயில் பயணம் ஒன்றைத் திட்டமிட்டார். அவரும் மாணவர்தான். எதிரணிகள் எல்லாம் பல்கலைக்கழக, கல்லூரி அணிகள்: நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸ், மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டூலேன். ஞாயிறு ஓய்வு. 13 பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்), 14 மெம்ஃபிஸில் மிசிசிப்பி. மொத்தம் 91 புள்ளிகள், எதிரில் பூஜ்யம். பகலில் அடிவாங்கிவிட்டு ராத்திரி ரயிலில் தூங்கினார்கள். சுமார் 2,500 மைல்.

அந்த சீசனின் 12 ஆட்டங்களிலும் வெற்றி. அவர்களுக்கு எதிராகப் புள்ளி எடுத்தது ஆபர்ன் கல்லூரி அணி மட்டும்தான். அது 11-10. சரி, அது இருக்கட்டும்.

எழுதுகிறவர்கள் எல்லாரும் கேப்டன் சீபெல்ஸைத்தான் கொண்டாடுகிறார்கள். ஐந்து ஊர்க்காரர்களிடம் தேதி வாங்கி, ரயில் நேரத்தோடு பொருத்தி, வாசலில் காசு எண்ணியவனுக்கு ஒரு வரி. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. கிளம்பும்போது லீ பூட்ஸ் மூட்டையை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டார், அது பின்னால் வந்து சேர்ந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நானும் விட்டேன். கல்லூரி அணிக்கு நான்தான் மேனேஜர். அதாவது டிக்கெட் எடுப்பவன், எலுமிச்சை நறுக்குபவன். சென்னைக்குக் கிளம்பிய ராத்திரி பூட்ஸ் மூட்டை பிளாட்பாரத்துப் பெஞ்சடியில் தங்கிவிட்டது. எங்களுடையது பின்னால் வரவில்லை. பதினோரு பேரும் வெறுங்காலோடு இறங்கினார்கள். எதிரணி ஆள் ஒருவன் மிதித்ததில் எங்கள் லெஃப்ட் பேக்கின் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து நின்றது. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு ஆடினான். நான்கு கோல் வாங்கினோம்.

திரும்பும் ரயிலில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லெஃப்ட் பேக்குக்கு வாழைப்பழம் வாங்கி நீட்டினேன், வாங்கிக்கொண்டான், பேசவில்லை. ஜோலார்பேட்டை தாண்டியபிறகு காலை என் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்டான்: "திருச்சி மேட்சுக்கு டிக்கெட் போட்டுட்டியாடா?"