முதல் ரைஃபிள் வாங்கும் முன் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

மூன்று மாதமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகி வருகிறேன். கிளப் துப்பாக்கியில்தான் சுடுகிறேன். அது என் முறைக்கு வரும்போது, முன்னால் சுட்டவர் எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றி வைத்திருப்பார். அதனால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வாங்குவதே வாங்குகிறாய், உச்ச மாடலாக வாங்கிவிடு என்கிறார் நண்பர். பழையது போதும் என்கிறார் ஒரு சீனியர். விளம்பரத்தில் வரும் ஸ்பிரிங் துப்பாக்கிகளோ விலை குறைவு, வேகம் அதிகம் என்கின்றன. எதை நம்புவது? எனக்கு வலக்கைப் பழக்கம், ஆனால் இடது கண்தான் ஓங்கி நிற்கிறது, அதாவது குறிபார்க்க முந்தி வருவது அதுதான் என்று கோச் சொன்னார். இதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

போகிற போக்கில் கடைசியாகக் கேட்டீர்களே, அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். போட்டி ரைஃபிளின் கைப்பிடியும் கன்னம் சாய்க்கும் பகுதியும் பெரும்பாலும் ஏதாவது ஒரு கைக்கென்றே செய்யப்பட்டவை. வலக்கைத் துப்பாக்கியை வாங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து இடப்பக்கம் மாறினால் செலவு செய்தது வீண். இடது தோளில் வைத்து இடது கண்ணால் குறிபார்க்கப் பழகலாம். அல்லது வலப்பக்கமே சுட்டு, இடது கண்ணுக்கு முன்னால் சிறு மறைப்பு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவது மட்டும் வேண்டாம், முகமெல்லாம் இழுபட்டுச் சீக்கிரம் களைத்துவிடும். மூன்று மாதம்தானே ஆகிறது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இடப்பக்கம்தான் போவேன். நின்று சுடும்போது துப்பாக்கியின் கனத்தைத் தாங்குவது இடுப்பும் எலும்பும்தான். கைக்குப் புதுப்பழக்கம் வந்துவிடும், ஓங்கிய கண்ணை மாற்றுவது கடினம். கிளப்பில் இடக்கைத் துப்பாக்கி இருந்தால் சில வாரம் அதில் சுட்டுப் பாருங்கள், கோச்சிடம் பேசுங்கள். அதுவரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

விளம்பரம் சொல்லும் வேகத்தை மறந்துவிடுங்கள். போட்டி ரைஃபிளிலிருந்து 4.5 மில்லிமீட்டர் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. ஒலியின் வேகத்தில் பாதி. 10 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அதுவே தாராளம். சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்பிரிங் தள்ளிவிடும் பிஸ்டன் பாய்ந்து மோதுகிற அதிர்ச்சி, பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கியை அசைத்துவிடும். நீங்கள் அடிக்க வேண்டிய பத்தாம் வளையமோ அரை மில்லிமீட்டர் புள்ளி. போட்டிக்குப் பழகுகிறவருக்கு அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்த ரைஃபிள்தான் சரி.

அப்புறம் உச்ச மாடல். ஒரே நிறுவனத்தின் அடிப்படை மாடலுக்கும் உச்ச மாடலுக்கும் சுடும் துல்லியத்தில் பெரும்பாலும் ஒரு தொடக்கக்காரருக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. விலை ஏறுவது முக்கியமாக ஸ்டாக்கில், அதாவது தோளிலும் கன்னத்திலும் கையிலும் படும் உடற்பகுதியில், எதை எதையெல்லாம் எந்தத் திசையில் நகர்த்தலாம் என்பதில். நீங்கள் நின்று சுடும் நிலையே இன்னும் உறுதிப்படாதபோது, பத்து இடத்தில் திருகு இருந்தால் பத்து இடத்திலும் தவறாகத் திருப்பத்தான் தோன்றும். அமெரிக்கத் துப்பாக்கி சுடும் வீரர் மேத்யூ எம்மன்ஸ் கதை உங்கள் நண்பருக்குத் தெரியுமா? 2004 ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் அவருடைய துப்பாக்கியை யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டார்கள். பல்கலைக்கழக அணியில் உடன் சுட்டவரின் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு ஏதென்ஸ் போய், 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடும்) போட்டியில் தங்கம் வென்றார்.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா? கடையில் கேட்டலாக்கைப் புரட்டி இதைத் தெரிந்துகொள்ள முடியாது. சுடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள், அது இல்லாமல் அளவு சரியாக வராது. துப்பாக்கி காலியா என்று நீங்களே திறந்து பாருங்கள். பாதுகாப்பான திசையில் நீட்டி, பட் பிளேட்டை (ஸ்டாக்கின் பின்முனைத் தகட்டை) தோளில் பதித்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலையைக் குனியாமல் கன்னத்தை இறக்கி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். பின்சைட்டின் (கண்ணருகே உள்ள குறிபார்க்கும் கருவியின்) சிறு துளைக்கு நடுவில், எதையும் தேடாமல், குழல் முனையில் உள்ள முன்சைட்டின் வளையம் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ முகத்தை அழுத்தியோ அதைத் தேடினால் கன்னப்பகுதியின் உயரம் தவறு. மூக்கு பின்சைட்டில் இடித்தாலோ கண் தூரமாக நின்றாலோ, பட் பிளேட்டின் நீளத்தையும் சைட்டின் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் பொருந்தாத துப்பாக்கியை, எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். கனத்தையும் பாருங்கள். விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம், போக வேண்டும் என்றில்லை. 60 குண்டையும் நின்றபடி சுட வேண்டும். நாற்பதாவது குண்டில் முதுகு என்ன சொல்லும் என்று யோசியுங்கள். பிறகு கனம் சேர்த்துக்கொள்ளலாம்.

ட்ரிகரை ட்ரை ஃபயர் வசதியில், அதாவது பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பழகும் அமைப்பில், வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு கட்டமாக வர வேண்டும்: முதலில் லேசாக நகர்ந்து ஒரு தடையில் நிற்கும், அப்புறம் இழுபடாமல் சட்டென்று விடும். விடுபடும் கணத்தில் முன்சைட் அசையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். இந்த வசதி இல்லாத ரைஃபிளை வாங்கவே வேண்டாம், ஏனென்றால் வீட்டில் நீங்கள் செய்யப்போகும் பயிற்சி முக்கால்வாசி இதுதான்.

பழையது வாங்கலாம், உங்கள் சீனியர் சொல்வது நல்ல யோசனை. ஆனால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படிக்காமல் பேரம் பேசாதீர்கள். பெயர்பெற்ற போட்டி ரைஃபிள் தயாரிப்பாளர்கள் பலர் சிலிண்டருக்கு 10 ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள். உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கும், காலாவதியானதைத் தொடாதீர்கள். புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். காற்றை நிரப்பி, அழுத்தம் காட்டும் முள்ளின் இடத்தைக் குறித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள், முள் நன்றாக இறங்கியிருந்தால் சீல் கசிகிறது. பின்சைட்டைப் பத்து கிளிக் ஏற்றி, சில குண்டு சுட்டு, பத்து கிளிக் இறக்கி மறுபடி சுடுங்கள். குண்டுகள் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் சைட் தேய்ந்துவிட்டது என்று பொருள். உங்கள் நாட்டுச் சட்டப்படி உரிமமும் பதிவும் தேவையென்றால், பணம் கொடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். பூட்டி வைக்க ஒரு பெட்டியும் வேண்டும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் ரைஃபிளில் போட்டுவிடாதீர்கள். ஜாக்கெட், கால்சட்டை, ஷூ, கையுறை இவற்றுக்கும் வேண்டும், பெல்லட்டுக்கோ மாதாமாதம் வேண்டும். ஜாக்கெட் இரவல் என்றால் நல்ல ரைஃபிளும் தடுமாறும். ஒரே பெயரில் 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று தலை அளவு மாறி மாறி பெல்லட் வரும், உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்பது சுட்டால்தான் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா மட்டும் வாங்கி, ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுட்டு, எது நெருக்கமாகக் குழுமுகிறதோ அதையே மொத்தமாக, டப்பாவில் உள்ள அதே பேட்ச் எண்ணில் வாங்குங்கள்.