ஒயின் கேள்வி – பதில்: ஷாத்தோ த போகாஸ்தெல்

தென் பிரான்ஸில், ரோன் ஆற்றங்கரைப் பகுதியான ஷாத்தோநெஃப்-து-பாப்பில் பெரன் குடும்பம் நடத்திவரும் போகாஸ்தெல் திராட்சைத் தோட்டம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

அந்தத் தோட்டம் ஆரம்பம் முதலே ஒரே குடும்பத்தின் சொத்தா? – புதுச்சேரி வாசகர்

இல்லை. பெயர் ஒரு குடும்பத்துடையது, தோட்டம் இன்னொரு குடும்பத்துடையது. 1549-ல் பியேர் த போகாஸ்தெல் என்பவர் கூர்த்தேசோன் ஊரருகே கூதுலே என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தையும் அதையொட்டிய நிலத்தையும் வாங்கினார். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் சாசனத்தைப் பதினான்காம் லூயி 1685-ல் ரத்து செய்தார். அதையடுத்து அந்த வம்சத்தில் வந்த இன்னொரு பியேர் கத்தோலிக்கராக மாற, 1687-ல் ஊர்க்காவல் தலைவர் பதவி கிடைத்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் வந்து எல்லாவற்றையும் துடைத்தெடுத்தது. பிரான்ஸிலேயே அது முதலில் தலைகாட்டிய இடங்களில் ஒன்று இங்கிருந்து ஆற்றின் எதிர்க்கரைதான். பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் உள்ளூர் ரகங்களை ஒட்டுக்கட்டிய பிறகே அந்தப் பகுதி தலையெடுத்தது. 1909-ல் பியேர் திராமியே இந்தச் சொத்தை வாங்கினார். அவரிடமிருந்து மருமகன் பியேர் பெரனுக்கு, அடுத்து ஜாக் பெரனுக்கு, 1978-ல் அவர் இறந்ததும் மகன்கள் ழான்-பியேருக்கும் ஃபிரான்சுவாவுக்கும் என்று கைமாறி, இப்போது பேரப்பிள்ளைகளும் சேர்ந்து நடத்துகிறார்கள். மாப்பிள்ளை வழியில் வந்த சொத்து என்றே சொல்லலாம்.

அங்கேயும் பந்தல் போடுகிறார்களா? ஏக்கருக்கு எவ்வளவு வரும்? – கம்பம் விவசாயி

பந்தலே கிடையாது. கிரெனாஷ், மூர்வெத்ர் ரகங்களை இடுப்பளவுக்கும் குறைவான குட்டைப் புதராக வளர்க்கிறார்கள். வடக்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று வீசினால் உயரமான கொடி தாங்காது. சிரா என்ற ரகத்தின் தளிர் எளிதில் ஒடியும் என்பதால் அதை மட்டும் கம்பியில் கட்டுகிறார்கள். கவாத்து குளிர்காலத்தில், அறுவடை ஆண்டுக்கு ஒன்றே.

விளைச்சலுக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர் ஒயின். ஏக்கர் கணக்கில் சுமார் 1,400 லிட்டர். கம்பத்தில் பன்னீர் திராட்சை எடுப்பவருக்கு இது சொற்பமாகத் தெரியும். இயந்திர அறுவடைக்கு அனுமதி இல்லை, எல்லாம் கைவெட்டு. தரையில் கிடக்கும் பெரிய உருட்டுக் கற்கள் பகல் வெயிலை வாங்கி இரவில் வெளிவிடும். அடியில் இருக்கும் களிமண்தான் கோடைக்கு ஈரத்தைச் சேமித்துத் தருகிறது. படத்தில் கல் மட்டும் தெரிவதால் புகழ் முழுவதும் கல்லுக்கே போய்விட்டது.

1950 முதல் இயற்கை விவசாயம், 1974 முதல் உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக் முறை). நோய்க்குத் தாமிரமும் கந்தகமும்தான் மருந்து. தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

நல்ல ரகம் ஒன்றை வைத்துக்கொண்டால் போதாதா? போகாஸ்தெல்லில் 13 ரகங்கள் எதற்கு? – மதுரை வாசகி

போதாது என்பதுதான் போகாஸ்தெல்லின் வாதம். அக்கம்பக்கத்தில் பலர் பெரும்பாலும் கிரெனாஷை நம்பியே ஒயின் செய்கிறார்கள். அந்த ரகத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். வெயில் கடுமையான ஆண்டுகளில் ஆல்கஹால் சாதாரணமாக 15 சதவீதத்தைத் தாண்டும். இன்னொன்று, காற்றுப் பட்டால் சீக்கிரம் நிறம் மங்கிப் பழுப்பேறும்.

மூர்வெத்ர் இதற்கு நேரெதிர். தோல் தடிமன், துவர்ப்பு அதிகம், ஆக்சிஜனை எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும். காற்றே கொடுக்காமல் மூடி வைத்தால்தான் வம்பு: ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆக, காற்றுக்கு ஆகாத ரகத்தையும் காற்று கேட்கும் ரகத்தையும் ஒரே புட்டியில் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். சிவப்பு ஒயினில் இந்த இரண்டும் தலா 30 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஒயினின் நிறத்துக்கும் கனத்துக்கும் சிரா, புளிப்புக்கும் மிளகு வாசனைக்கும் கூன்வாஸ், இரண்டும் தலா 10 சதவீதம் அளவில். மீதிக்கு சான்ஸோ, வக்காரேஸ், தெரே நுவார், முஸ்கார்தான், கொஞ்சம் வெள்ளை ரகங்கள்.

தொட்டியும் இதே கணக்கில்தான். கிரெனாஷ் நொதிப்பது மூடிய காங்கிரீட் தொட்டியில், சிராவும் மூர்வெத்ரும் திறந்த மரத்தொட்டியில். சிரா முன்னதாகவும் மூர்வெத்ர் கடைசியாகவும் பழுப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டி, தனித்தனியே நொதிக்கவைத்து, பிறகுதான் கலக்கிறார்கள். மூர்வெத்ர் சரியாகப் பழுக்காத ஆண்டில் கலவையின் முதுகெலும்பே போய்விடும். இந்த ரகத்தை இவ்வளவு நம்புவதற்குத் துணிச்சல் வேண்டும். 1989-ல் தொடங்கிய ‘ஒமாழ் அ ஜாக் பெரன்’ என்ற விசேஷ ஒயினில் மூர்வெத்ரின் பங்கு இன்னும் கூடுதல். பழத்தின் தரம் மிகச் சிறப்பாக அமைந்த ஆண்டுகளில் மட்டுமே அதைச் செய்கிறார்கள்.

திராட்சையை 80 டிகிரிக்குச் சூடாக்குகிறார்களாமே, வெந்துவிடாதா? – திருச்சி வாசகர்

வேகும், நேரம் தவறினால். காம்பு நீக்கிய பழத்தின் தோல் மட்டும் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பெறுகிறது. உடனே 20 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். சூடு உள்ளே இறங்கிச் சாறு வரை போனால் ஜாம் வாசனை வந்துவிடும். அந்த ஒயினைக் காப்பாற்ற வழியில்லை. குளிர்விக்கும் கருவி சூடாக்கும் கருவியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதே இதில் பெரிய சவால்.

பலன் இரண்டு. தோலின் செல்கள் உடைந்து நிறம் சுலபமாக இறங்குகிறது. கூடவே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் நொதிகள் செயலிழக்கின்றன. பூஞ்சை பிடித்த பழத்திலிருந்து வரும் லாக்கேஸ் என்ற நொதிதான் இவற்றில் பொல்லாதது. ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகத்தைப் போட்டாலும் எளிதில் அடங்காது, சூட்டுக்கு அடங்கும். எனவே தொடக்கத்திலேயே கந்தக டை ஆக்சைடைக் கொட்ட வேண்டிய அவசியம் குறைகிறது. நட்டமும் உண்டு: பழத்தின் பசைப்பொருளான பெக்டினைக் கரைக்கும் நொதியும் சூட்டில் சாவதால் ஒயின் தெளிய நேரம் பிடிக்கும். நொதித்து முடிந்து கலந்தபின் பெரிய ஓக் மரத்தொட்டிகளில் ஓராண்டு வைத்து, முட்டை வெள்ளைக்கருவால் தெளியவைத்துப் புட்டியில் அடைக்கிறார்கள்.

அப்படிச் சூடாக்கியும் பழைய போகாஸ்தெல் புட்டிகள் சிலவற்றில் குதிரை லாய வாசனை என்கிறார்களே? – கோவை வாசகர்

அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. 1980-களின் கடைசி, 1990-களின் ஆரம்பப் புட்டிகள் சிலவற்றைப் பற்றி இந்தப் பேச்சு நெடுநாளாக உண்டு. சிலருக்கு அது தோல் பை வாசனை, சிலருக்கு மாட்டுக்கொட்டகை. சூடாக்குவது பழம் வந்து இறங்கும் நாளில்; இந்த ஈஸ்ட் குடியேறுவதோ மாதக்கணக்கில் கழித்து, மரத்தின் நுண்துளைகளில். லிட்டருக்கு அரை கிராமுக்கும் குறைவான சர்க்கரை மிஞ்சியிருந்தாலே அதற்குத் தீனி கிடைத்துவிடும். சர்க்கரை மிகுந்த கிரெனாஷின் நொதித்தல் கடைசியில் திணறி நிற்பது வழக்கம். புளிப்புக் குறைவு, கந்தகமும் குறைவு என்றால் கேட்கவே வேண்டாம். நொதித்தலை முழுமையாக முடிப்பது, நிலவறையைக் குளிர்ச்சியாக வைப்பது, மரத்தொட்டியை விடாமல் சுத்தம் செய்வது, தேவையான கந்தகத்தைக் கஞ்சத்தனம் இல்லாமல் சேர்ப்பது: இவைதான் தடுப்பு. வந்தபின் மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை.

பறக்கும் தட்டுக்குத் தடை போட்ட ஊர் அதுதானா? – சேலம் வாசகர்

அதேதான். 1954-ல் ஷாத்தோநெஃப்-து-பாப் மேயர் போட்ட ஆணைப்படி, ஊர் எல்லைக்குள் பறக்கும் தட்டு இறங்கினால் பறிமுதல். ஒயினுக்கு நல்ல விளம்பரம்.

பிரான்ஸில் பாகப்பிரிவினை கிடையாதா? தோட்டம் எப்படித் துண்டுபடாமல் நிற்கிறது? – தஞ்சை வாசகர்

நன்றாகவே உண்டு. 1804-ல் வந்த நெப்போலியன் சட்டத்தொகுப்பு பிள்ளைகளுக்குச் சமபங்கு என்றது. அதன் விளைவை பர்கண்டி என்ற இன்னொரு ஒயின் பகுதியில் பார்க்கலாம்: குளோ த வூழோ என்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர்தான், உரிமையாளர்களோ ஏறக்குறைய 80 பேர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம். இதைத் தவிர்க்க, நிலத்தை ஒரு வேளாண் நில நிறுவனத்தின் பெயரில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பங்குகளைப் பிரித்துத் தர 1970-ல் ஒரு சட்டம் வழிசெய்தது. நிலம் முழுதாக இருக்கும், காகிதம் மட்டும் பிரியும். அப்படியும் ஒருவர் தன் பங்குக்குப் பணம் கேட்டால் மற்றவர்கள் கடன் வாங்க வேண்டிவரும். பிரெஞ்சுத் தோட்டங்கள் பெரிய கம்பெனிகளிடம் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

போகாஸ்தெல் வெள்ளை ஒயினை எத்தனை ஆண்டு வைக்கலாம்? – சென்னை வாசகி

அதில் பெரும்பகுதி ரூசான் என்ற ரகம். முதல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் குடியுங்கள். இல்லையென்றால் பத்தாண்டு தாண்டட்டும். இடைப்பட்ட காலத்தில் வாசனை அடங்கி ஊமையாகிவிடும், கெட்டுப்போனதோ என்று சந்தேகம் வரும். 13 டிகிரி அளவில், வெளிச்சம் படாமல், படுக்கவைத்து வையுங்கள். சென்னை வீட்டு அலமாரியில் பத்தாண்டு என்பது நடக்காத காரியம். அங்கே வாங்கிய ஆண்டே திறந்துவிடுவது நல்லது. ஐஸ் போலக் குளிர்விக்காமல் 12 டிகிரி அளவில் ஊற்றுங்கள்.