கோட்டு மேல கோடு வேண்டாம்

இந்த மாசம் வந்த லெட்டர்ல நாலு ஜப்பானியக் கவிதை, பிரஷ் எழுத்து பத்தி, அதனால பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். நாலு வருஷம் ஜப்பான்ல மட்சுயாமா நகரத்துல இருந்தவ நான், அங்க பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட சனிக்கிழமை சனிக்கிழமை பிரஷ் பிடிக்கப் பழகினேன், அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

கேள்வி: டோக்கியோ நிஷிகசாய்ல இருக்கோம். பொண்ணு மூணாங்கிளாஸ், இந்த வருஷம் ஸ்கூல்ல பிரஷ் எழுத்து ஆரம்பிச்சிருக்காங்க. அவ எழுதிட்டு வர்ற தாள்ல எல்லாம் டீச்சர் செகப்பு மையால மேலயே எழுதி வெச்சிருக்காங்க. புள்ள அழுவுது. வீட்ல நான் என்ன செய்யட்டும்?

செகப்பைப் பாத்து பயப்படாதீங்கம்மா. நம்ம பள்ளிக்கூடத்துல செகப்புன்னா தப்பு, அங்க அது அப்படியே கிடையாது. கோடு எந்தப் பக்கம் போயிருக்கணும், எங்க நின்னிருக்கணும்னு டீச்சர் தன் கையால காட்டுறது அது. அந்தத் தாள்லயே செகப்புல சுழிசுழியா பூ மாதிரி ஒரு வட்டம் இருக்கான்னு தேடிப் பாருங்க, இருந்தா அது ஹனமாரு, ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தம், அதைக் காட்டி புள்ளையக் கொஞ்சுங்க.

அங்க மூணாங்கிளாஸ்லதான் பிரஷ் ஆரம்பிக்கும், பாடத்துக்கு ஷோஷான்னு பேரு, வீட்ல பேசும்போது ஷூஜின்னுதான் சொல்வாங்க. ஷோடோன்னு கலையாப் படிக்கிறது ஹைஸ்கூல்ல. அதாவது உங்க பொண்ணுகிட்ட இப்ப யாரும் கலையை எதிர்பாக்கல, கோடு நேரா வரணும், வரிசை மாறாம வரணும், அவ்ளோதான்.

வீட்ல செய்யறதுன்னா, முதல்ல பழைய கறுப்பு டிரெஸ் போட்டு விடுங்க, அந்த மை கரியும் பசையும் சேத்து செஞ்சது, துணியில பட்டா போகவே போகாது. கீழ பேப்பர் விரிச்சு, அதுமேல அந்த கம்பளி விரிப்பு, அதுமேல ஹன்ஷின்னு சொல்ற பிரஷ் எழுத்துத் தாள், வழவழன்னு இருக்குற பக்கம் மேல வரணும், தலைமாட்டுல வெயிட். இடது கை தாளைப் பிடிச்சுக்கும், வலது கை மேஜையில படக்கூடாது, பிரஷ் நட்டுக்கா நிக்கணும்.

அப்புறம் எழுத்தே வேண்டாம், ஒரே ஒரு படுக்கைக் கோடு. ஜப்பானிய எழுத்துல ஒண்ணுன்ற நம்பரே அந்த ஒத்தக் கோடுதான். பிரஷ் நுனி சாய்வா தாளைத் தொடணும், ஒரு நொடி அங்கயே இருக்கணும், அப்புறம் இழுத்துட்டுப் போகணும், முடியுற இடத்துல சட்டுன்னு தூக்கிடாம நின்னு, லேசா அமுக்கி, வந்த வழியே துளி பின்னால வந்து எடுக்கணும். அந்த நிக்கிறதுக்கு தோமேன்னு பேரு. முடிவுல சுண்டி விடுறது ஹனே, மெல்ல இழுத்து நுனியா முடிக்கிறது ஹராய். இந்த மூணும் கைக்கு வந்துட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி, ஆனா பசங்க எல்லாருக்கும் கடைசியா வர்றது தோமேதான், எனக்கும் அதான் வரல.

இன்னொண்ணு, எழுதின கோட்டு மேல திரும்ப பிரஷ் வெச்சு சரி பண்ண விடாதீங்க. ஒரு நாள் எனக்கு கோடு பாதியில மை காஞ்சு வெளிறிப் போச்சு, நான் அவசரமா மையத் தொட்டு மேல பூச, பாட்டி ஒண்ணும் பேசல, அந்தத் தாளை எடுத்துட்டு புதுத் தாள் வெச்சாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, அப்படி கீறல் கீறலா வெள்ளை தெரியறதுக்கு கஸுரேன்னு பேரு, அது அழகு, அதைப் போய் மூடிட்டியேன்னு. ஒரு தாளுக்கு ஒரு தடவைதான், சரியா வரலயா, அடுத்த தாள். எழுதி முடிச்சதும் இடது ஓரத்துல சின்ன பிரஷ்ஷால தன் பேரை கதகானாவுல, அதான் வெளிநாட்டுப் பேரெல்லாம் எழுதுற எழுத்துல, அவளே எழுதட்டும், அப்ப அவ முகத்தைப் பாருங்க.

கேள்வி: வகுப்புல பசங்க பிரஷ்ல எழுத பாட்டில் மை போதுமா, கல்லுல உரசித்தான் ஆகணுமா?

பாட்டில் மை போதும், அங்க ஸ்கூல்லயும் அதான். ஆனா மாசத்துக்கு ஒரு நாளாவது பசங்கள உரச விடுங்க சார். மைக்கல்லுல மேடா இருக்குற பகுதிக்குப் பேரு ஓகா, நிலம். பள்ளமா இருக்குறது உமி, கடல். நிலத்துல சொட்டு தண்ணி விட்டு மைக்கட்டியை அமுக்காம மெதுவா சுத்திச் சுத்தி உரசி, கறுத்ததும் கடலுக்குத் தள்ளணும், இப்படியே திரும்பத் திரும்ப. காமணி நேரம் ஆகும், ஒரு வாசம் வரும், கத்திட்டு வந்த கிளாஸ் தானா அடங்கும். நல்ல மைக்கட்டிக்குப் பேர்போன ஊர் நாரா, பிரஷ்ஷுக்கு ஹிரோஷிமா பக்கத்துல குமனோ. முடிஞ்சதும் கல்லையும் பிரஷ்ஷையும் அன்னிக்கே கழுவிடணும், காய விட்டா போச்சு.

கேள்வி: கோயம்புத்தூர்ல ஜப்பானிய மொழி வகுப்பு எடுக்குறேன். பசங்கள ஹைக்கூ எழுத வைக்க ஆசை. மூணு வரிக்கும் தமிழ் எழுத்தை 5-7-5ன்னு எண்ணினா ஒட்டவே மாட்டேங்குது. மார்க் எப்படி போடுறதுன்னும் தெரியல.

டீச்சர், எண்ணுறது எழுத்தை இல்ல, அங்கதான் சிக்கல். அவங்க எண்ணுறது கிட்டத்தட்ட நம்ம மாத்திரை. குறில் ஒண்ணு, நெடில் ரெண்டு, இதுவரைக்கும் நம்ம இலக்கணமேதான், ஆனா நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவங்களுக்கு முழுசா ஒண்ணு. அம்மான்ற வார்த்தை நமக்கு மூணு எழுத்து, மூணரை மாத்திரை, அவங்க கணக்குல அ-ம்-மா-ஆ, நாலு. டோக்கியோவும் நாலு, ஜப்பானை அவங்க சொல்ற நிப்பொன்னும் நாலு. தொல்காப்பியம் படிச்ச ஊர்ப் பசங்களுக்கு இதைச் சொன்னா பட்டுன்னு புரியும். ஜப்பானிய மொழியில எழுதும்போது விரல் விட்டு எண்ணட்டும், அங்க பசங்களும் அப்படித்தான், தமிழ்ல எழுதினா எண்ணிக்கையை விட்ருங்க, மூணு சின்ன வரி போதும்.

எண்ணிக்கையை விட முக்கியம் ரெண்டு இருக்கு. ஒண்ணு கிகோ, காலத்தைச் சொல்ற வார்த்தை. தவளைன்னா வசந்தம், சும்மா நிலான்னு மட்டும் சொன்னா இலையுதிர் காலம், இதையெல்லாம் தொகுத்து தனி அகராதியே வெச்சிருக்காங்க, சாய்ஜிகின்னு பேரு. முல்லைக்கு கார்காலம்னு பழகின நமக்கு இது அன்னியமே இல்ல. இன்னொண்ணு கிரேஜி, வெட்டு வார்த்தை. ஹைக்கூ கவிஞர் பாஷோ 1686ல எழுதின தவளைக் கவிதையப் பாருங்க: ஃபுருஇகே யா, கவஸு தொபிகோமு, மிஸு நோ ஒதோ. பழைய குளம், ஒரு தவளை குதிக்குது, தண்ணிச் சத்தம். முதல் வரி முடிவுல வர்ற அந்த யாவுக்கு அகராதியில அர்த்தம் தேடாதீங்க, அங்க நிக்கணும்னு சொல்ற வார்த்தை அது. குளத்தைப் பாத்துட்டு நின்னாதான் அப்புறம் தவளை குதிக்கிறது காதுல விழும். பிரஷ்ல தோமே செய்யற வேலைய இங்க யா செய்யுது, அதனாலதான் ரெண்டையும் ஒரே வகுப்புல சேத்து வைங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிட்டிருக்கேன். காலைல கோடு நிறுத்தக் கத்துக்கிட்ட பையன் மத்தியானம் வரிய நிறுத்துவான். நம்ம பசங்க எழுதுறதுல நூத்துக்குத் தொண்ணூறு கவிதை, மூணாவது வரியில விளக்கம் சொல்லிடும், அந்த வரிய அடிக்கச் சொல்லுங்க.

மார்க் போடவே போடாதீங்க. அதுக்கு அவங்ககிட்ட குகாய்னு அருமையான முறை இருக்கு. எல்லாரும் பேர் போடாம துண்டுச் சீட்டுல கவிதை எழுதிக் குடுக்கணும், சீட்டைக் கலைச்சு வேற ஆள் கையெழுத்துல நகல் எடுக்கணும், அப்ப யாரோடதுன்னு கையெழுத்துலயும் தெரியாது. தாள் கை மாறிட்டே வரும், அவங்கவங்க பிடிச்சதத் தேர்ந்தெடுத்து வாசிச்சு ஏன் பிடிச்சதுன்னு சொல்லணும், அதுக்கப்புறம்தான் எழுதினவங்க பேரச் சொல்லுவாங்க. கடைசி பெஞ்சுப் பொண்ணு ஒருத்தி எழுந்து தன் பேரச் சொல்ற அந்த நேரத்துக்காகவே இதை நடத்தலாம். டீச்சரும் சீட்டு போடணும், யாரும் எடுக்கலன்னாலும் பரவால்ல. மட்சுயாமாவுல 1998லருந்து ஹைஸ்கூல் பசங்களுக்கு ஹைக்கூ கோஷியென்னு போட்டி நடக்குது, அஞ்சு பேர் ஒரு டீம், எதிர் டீம் கவிதைய கேள்வி கேக்கணும், தன் கவிதைக்கு பதில் சொல்லணும், நடுவர்ங்க கொடி தூக்குவாங்க. ஹைக்கூன்ற பேரை நிலைநாட்டின மஸவோகா ஷிகி பிறந்த ஊராச்சே.

கேள்வி: நம்ம பாரதியார் ஹைக்கூ பத்தி எழுதியிருக்காராமே?

எழுதியிருக்கார். 1916ல சுதேசமித்திரன்ல ஜப்பானியக் கவிதை பத்தி ஒரு கட்டுரை. ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி இங்கிலீஷ்ல எழுதினதப் படிச்சிட்டு, சுருங்கச் சொல்ற அந்தக் குணத்தை மனசார மெச்சி எழுதினார். அதுல வர்ற ஒரு கவிதை ஹொகுஷியோடது, பாஷோவோட சீடர், கனஸாவாக்காரர். வீடு தீயில போன பிறகு அவர் எழுதினது: எரிஞ்சே போச்சு, ஆனாலும் பூவெல்லாம் நல்லா உதிர்ந்து முடிச்சிருக்கு. ஜப்பானிய மொழியில முதல் வரி யகே நி கேரி. அந்த கேரியும் ஒரு வெட்டு வார்த்தைதான். வீடு போனதப் பத்தி அஞ்சே அஞ்சு ஒலி, அதோட நிறுத்திட்டு மனுஷன் பூவப் பாக்கப் போயிட்டார். இதைப் பசங்களுக்கு விளக்காதீங்க, சத்தமா ரெண்டு தடவை வாசிச்சுட்டு, பிரஷ்ஷையும் தாளையும் கையில குடுத்துடுங்க.