அசிட்டிக் ஆசிட் லூயிஸ் படம்: கார்பனுக்கு 6 தான் வருதா?

வியாசர்பாடி தம்பி, அசிட்டிக் ஆசிட்டுக்கு (CH3COOH) லூயிஸ் படம், அதாவது பாண்டுக்கு கோடும் மீதி வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கு புள்ளியும் வெக்கிற படம், போட்டா ஒரு கார்பன சுத்தி 8 எலக்ட்ரான் வராம 6 தான் வருதுனு கேட்டிருந்தல்ல. உன் வெளிக்கூட்டு எலக்ட்ரான் கூட்டல் கரெக்ட்தான்பா, கார்பன் ரெண்டுக்கு 8, ஹைட்ரஜன் நாலுக்கு 4, ஆக்சிஜன் ரெண்டுக்கு 12, ஆக மொத்தம் 24. நீ மாட்டிக்கினது வேற எடத்துல. ஃபார்முலா கடைசில சி ஓ ஓ ஹெச்னு வரிசையா இருக்குல்ல, அத பாத்துட்டு நீயும் ரெண்டு ஆக்சிஜனையும் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்துட்ட, அதான் அந்த கார்பன்கிட்ட 6 தான் நிக்குது, 8 வரமாட்டேங்குது.

ரெண்டையும் தனித்தனியா அதே கார்பன்ல மாட்டு. ஒண்ணுக்கு டபுள் பாண்ட் (ரெண்டு கோடு), இன்னொண்ணுக்கு சிங்கிள் (ஒரு கோடு), சிங்கிள்ல இருக்குற ஆக்சிஜன்லதான் அந்த கடைசி ஹைட்ரஜன் தொங்கும். இப்ப எண்ணு, டபுள ரெண்டா எண்ணுனா மொத்தம் 8 பாண்ட், பாண்டுக்கு ரெண்டுனு 16 எலக்ட்ரான் போச்சு, மீதி 8 இருக்கா, அத ஆக்சிஜன் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜோடினு புள்ளி வெச்சுடு. இதுல கார்பன் மேல புள்ளியே வராது. நம்ம தண்டையார்பேட்ட டியூசன் பசங்க பாதி பேரு கோடு மட்டும் போட்டுட்டு புள்ளிய வுட்டுர்றானுங்க, அப்பால மார்க் போச்சுனு பொலம்புறானுங்க.

அடுத்து மெத்தில் ஃபார்மேட் போட்டுப் பாரு, அதே அணுங்க, அதே 24, ஆனா படம் வேற மாதிரி வரும். போட்டோ எடுத்து இங்கயே போடு, பாக்குறேன்.